ஆர்லிஸின் ஹீட்டரை அணைப்பது யார்?

பழிவாங்கும் உணர்ச்சி என்னிடம் கிடையாது. அடக்கி வைத்திருக்கிறேன் என்று சொல்லவில்லை, பிறவியிலேயே கிடையாது. மனித குலம் என்றைக்காவது பழிவாங்குவதைக் கைவிட்டு, அந்த நாளின் நினைவாக ஒரு சிலை வைக்க முடிவு செய்தால், சிற்பி என் கதவைத் தட்டலாம். முகத்தைக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மினசோட்டாவில் நான் தத்துவம் படிக்கும் கல்லூரியின் பத்திரிகையில் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறேன். பழிவாங்குகிறவன் தன் காலை மிதித்தவனின் செருப்பைத் தேடியே ஆயுளைக் கழிக்கிறான் என்பது அதன் சாரம். கட்டுரையை அச்சுக்குக் கொடுத்தவன் வேண்டுமென்றே என் பெயரை விட்டுவிட்டான். அவனையும் மன்னித்துவிட்டேன். அவன் பெயர் கிரெக் ஸ்டாட்லர். விடுதியில் இரண்டாம் மாடி, படியேறியதும் இடதுபக்க அறை.

குளிர்கால விடுமுறைக்கு அரிசோனா பாலைவனத்தில் இருக்கும் பெர்னடீன் சித்தியிடம் வந்திருந்தேன். தாங்களே கொளுத்திவிட்டுத் தீ விபத்து என்று இன்சூரன்ஸ் கேட்பவர்களைப் பிடிப்பது சித்தியின் வேலையாக இருந்தது. வேலை ஓய்வு பெற்றுவிட்டது, சித்தி பெறவில்லை. வடக்கே பனி விழ ஆரம்பித்ததும் ட்ரெய்லர் வீட்டைக் காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு வந்து இறங்கும் ஓய்வுக்காரர்களில் அவளும் ஒருத்தி. முகாமின் பெயர் மணல் லில்லி. மணல் உண்டு.

முகாம் வாசலில் ஒரு பலகை. அதில் மூன்று விதிகள். அடுத்தவர் கேஸ் சிலிண்டரையோ குழாயையோ தொட்டவர் அன்று சூரியன் மறைவதற்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். பொய்ப் புகார் கொடுத்தவரும் அப்படியே. எதிரில் தென்படுகிறவருக்குக் கையசைக்க வேண்டும். மூன்றாவது விதியைப் பார்த்து முதல் நாள் நான் சிரித்தேன்.

ஒரு நாள் மதியம் சித்தியின் ட்ரெய்லர் கதவைத் தட்டிய அம்மாள் ஆர்லிஸ் டோர்விக். எழுபது வயது. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மணிக்கட்டுகள் இன்னும் ஸ்டீயரிங்கை விடவில்லை.

"பெர்னடீன், நேத்தும் அணைச்சுட்டார். மூணு போர்வை, ரெண்டு ஸ்வெட்டர், ஒரு நாயோட படுத்தேன். நாய்கூட என்னுது இல்ல. காலைல பல்செட்டு டம்ளர் தண்ணியோட உறைஞ்சு கிடக்கு."

"அணைச்சது யாரு?" என்றேன் நான்.

"வேற யாரு தம்பி? லோவெல் ஹௌகன். எதிர் ட்ரெய்லர். தினமும் சாயங்காலம் என் ஹீட்டரை அணைக்கிறார்னு இன்னிக்குக் காலைல ரூபன்கிட்ட எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்."

ரூபன் எஸ்கலான்டேதான் முகாமின் மேலாளர்.

"ரூபன் என்ன சொன்னார்?" என்றாள் சித்தி.

"சாயங்கால விருந்துக்குள்ள நிரூபிக்கணுமாம். நிரூபிச்சா லோவெல் வெளிய. இல்லன்னா நான் வெளிய. இந்த மாசத்துல வேற எந்த முகாம்லயும் இடம் கிடையாது. வடக்க திரும்பிப் போக என் கார் தாங்காது." ஆர்லிஸ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "எனக்கு ஒரே ஒரு ஆசைதான். அவர் வண்டி அந்தக் கேட்டைத் தாண்டறப்போ நான் வாசல்ல நின்னு சிரிச்சுக்கிட்டே கையசைக்கணும். அதுக்கப்புறம் நான் செத்தாலும் பரவாயில்ல."

"எப்படி அணைக்கிறார்?" என்றாள் சித்தி.

"அது தெரிஞ்சா உன்கிட்ட ஏன் வரேன்? அவர் பல் டாக்டரைப் பார்க்க ஊருக்குப் போன அன்னிக்கு ராத்திரி முழுக்க ஹீட்டர் ஓடிச்சு. அவர் இங்க இருந்தா அணையுது. மெக்கானிக் மூணு தடவை வந்தான். அவன் கை வச்சா நல்லா எரியுது. 'அம்மாவுக்குப் பொழுது போகல'ன்னு ரூபன்கிட்ட சொல்லிட்டுப் போயிட்டான்."

சித்தி கோட்டை மாட்டினாள். "கர்ட், சோப்புத் தண்ணி கலக்கு. வெந்நீர் எடுத்துக்கோ."

"குற்றவாளியைக் குளிப்பாட்டப் போறோமா?"

"உன்னை அழைச்சுக்கிட்டுப் போறேன். அதுவே அவனுக்குத் தண்டனை."

ஆர்லிஸின் ட்ரெய்லரும் லோவெலின் ட்ரெய்லரும் மூக்கோடு மூக்கு முட்டுவது போல நின்றன. இரண்டின் மூக்கிலும் சிலிண்டர்கள். நடுவில் சண்டைக்குப் போதுமான அளவு மணல். ஆர்லிஸின் கதவைத் திறக்கக் கைப்பிடியைப் பிடித்தேன். கைப்பிடி என்னோடு வந்துவிட்டது.

"அது அப்படித்தான் வரும் தம்பி. எத்தனை ஸ்க்ரூ போட்டாலும் நிக்க மாட்டேங்குது. தரம் இல்ல."

உள்ளே அலமாரியின் கைப்பிடியும் தரமில்லாமல் தொங்கியது. ஜாம் பாட்டிலின் மூடி இரண்டாகப் பிளந்திருந்தது. சித்தி அதைக் கையில் எடுத்து, பார்த்து, வைத்தாள். நான் ஒரு துண்டு ரொட்டி எடுத்துக்கொண்டேன். துப்பறியும் வேலையில் ஆளுக்கு ஆள் முறை மாறும்.

அடுப்பைப் பற்ற வைத்தோம். பிறந்தநாள் மெழுகுவத்தி அளவுக்கு ஒரு சுடர் வந்து மன்னிப்புக் கேட்பது போல நடுங்கியது. குளிர்பெட்டி கேஸில்தான் ஓடியது. அதற்குச் சின்னச் சுடர் போதும் என்பதால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஹீட்டரைப் போட்டால் காற்றாடி சுற்றியது, பொறி தட்டியது, பற்றவில்லை.

"கேஸ் வருது. ஆனா முக்கி முனகி வருது" என்றாள் சித்தி. "காலியா இருக்குமோ?"

வெளியே போய் வெந்நீரைச் சிலிண்டரின் பக்கவாட்டில் ஊற்றி, உள்ளங்கையை மேலிருந்து கீழே இறக்கினாள். உள்ளே திரவம் நிற்கும் மட்டத்தில் இரும்பு சில்லென்று ஆகிவிடும். சில்லிப்பு கழுத்துக்குக் கீழேயே ஆரம்பித்தது.

"நிறைய இருக்கு. சோப்பு போடு."

குழாயின் ஒவ்வொரு மூட்டிலும் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தடவினேன். கசிந்தால் குமிழி வரும். ஒரு குமிழிகூட வரவில்லை. என் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பொருளைச் சுத்தம் செய்திருந்தேன், அவ்வளவுதான் பலன்.

"சிலந்தி?" என்றேன். கேஸில் கலக்கிற அழுகல் வாசனை சிலந்திக்கு ரொம்பப் பிடிக்கும், ஹீட்டரின் வாயில் வலை பின்னிக் குடித்தனம் நடத்தும் என்று முகாமில் எல்லோரும் சொல்வார்கள். சித்தி டார்ச் அடித்துப் பார்த்தாள். வலை இல்லை. சிலந்திகளுக்கு ஆர்லிஸோடு முன்விரோதம் எதுவும் இல்லை.

பிறகு அவள் மணலைப் பார்த்துக் குனிந்தாள். எதிர் ட்ரெய்லரிலிருந்து இந்தப் பக்கம் ஒரு தடமும் இல்லை. சிலிண்டரைச் சுற்றி இருந்ததெல்லாம் ஆர்லிஸின் செருப்புத் தடம். கதவிலிருந்து சிலிண்டர்வரை சாதாரணமாக வந்த தடம், சிலிண்டருக்கு முன்னால் மட்டும் குதிகால் புதைந்து, குழி பறித்து, திருகியிருந்தது.

"இங்க யாரோ மல்யுத்தம் பண்ணியிருக்காங்க" என்றேன்.

"ம்ம்" என்றாள் சித்தி. "ஆர்லிஸ், சிலிண்டரை எப்பெப்போ மூடுவீங்க?"

"வெளிய போறப்பெல்லாம் மூடிடுவேன். ஊர்ல ஒரு குடும்பத்தோட வண்டி எரிஞ்சதைப் பார்த்ததுலேருந்து. மதியம் சீட்டு விளையாடப் போறப்போ மூடறேன். சாயங்காலம் வந்து திறக்கறேன்."

"அப்போ லோவெல் எங்க இருப்பார்?"

"அதோ, அந்த நாற்காலில. எனக்குன்னே உட்கார்ந்திருப்பார். 'ஹலோ ஆர்லிஸ்'னு கையசைப்பார். நானும் 'ஹலோ லோவெல்'னு சொல்லுவேன்." அந்த 'ஹலோ'வைச் சொன்னபோது அவர் கையிலிருந்த வெந்நீர்ப் பாத்திரத்தின் காது நெளிந்தது.

திரும்பி வரும் வழியில் சித்தியிடம் காரணத்தைக் கேட்டேன். அப்படி என்ன பகை?

"போன வருஷ விருந்துல லோவெல் ஓவன்ல ஒரு தட்டு நிறைய சமைச்சுக் கொண்டு வந்தார். இறைச்சி, காளான் சூப், மேல வரிசையா உருளைக்கிழங்கு உருண்டை. ஆர்லிஸ் ஒரு வாய் சாப்பிட்டாங்க. எல்லாரும் பார்க்கறாங்க. 'வித்தியாசமா இருக்கு'ன்னாங்க."

நான் நின்றுவிட்டேன். "எல்லார் முன்னாடியுமா?"

"எல்லார் முன்னாடியும்."

எங்கள் மினசோட்டாப் பக்கத்தில் சாப்பாடு நன்றாக இல்லை என்று யாரும் சொல்வதில்லை. விஷம் வைத்திருந்தாலும் 'நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லிவிட்டுத்தான் விழுவார்கள். 'வித்தியாசமா இருக்கு' என்பது வேறு. அதைக் கேட்ட சமையல்காரர்கள் ஊரை மாற்றியிருக்கிறார்கள்.

"அப்போ லோவெல்தான். உறுதி" என்றேன். "பாவம், சின்ன மனுஷன். இப்படிப்பட்டவங்களைப் பார்த்தா எனக்குக் கோபம்கூட வராது. இரக்கம்தான் வரும்."

"அந்த இரக்கத்தோட போய் அவர்கிட்ட பேச்சுக் கொடு. நான் ஆர்லிஸோட இன்னும் கொஞ்சம் பேசணும்."

லோவெல் ஹௌகன் நாற்காலியில் மல்லாந்திருந்தார். வாழ்நாளெல்லாம் கேஸ் பைப் போட்ட மனிதர். தலையில் ஒரு தொப்பி, முகத்தில் ஒரு மலர்ச்சி. உள்ளே கேஸ் ஓவனில் மாலை விருந்துக்கு அதே உருளைக்கிழங்கு உருண்டைத் தட்டு வெந்துகொண்டிருந்தது. மனிதர் தோல்வியை ஒப்புக்கொள்ளாதவர்.

"வா புரொபசர். என்ன தேடறே?"

"குற்றவாளியை."

"கிடைச்சா சொல்லு. ஒரு நாற்காலி போடறேன்."

"ஆர்லிஸ் சிலிண்டர் பக்கம் போனீங்களா?"

"நானா? என் கை இந்த நாற்காலியை விட்டு எழும்பறதே ரெண்டு வேலைக்குத்தான். சாப்பிட, கையசைக்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு சொல்றேன். ரெண்டு நாளா இங்க ஒரு நாத்தம். அழுகின முட்டை மாதிரி. கேஸ் கசிஞ்சா அப்படித்தான் வரும்னு உனக்குச் சொல்லணுமா? அதோ, வண்டிக்கு அடியில ஒரு பெரிய குழாய், மூடி போட்டிருக்கு பாரு. எனக்குக் குனிய முடியல. நீ மூடியைக் கழட்டி மூக்கை நல்லா உள்ள வச்சு ஒரு இழு இழுத்துப் பாரேன்."

துப்பு என்றால் அது. மண்டியிட்டேன். மூடியைத் திருகினேன். மூக்கை நல்லா உள்ளே வைத்தேன்.

கேஸ் குழாய் அவ்வளவு பெரிதாக இருக்காது என்பதைத் தத்துவத் துறையில் சொல்லித் தருவதில்லை. அது அவருடைய கழிவறைத் தொட்டியின் வாய்.

என் கண்ணில் தண்ணீர் நின்ற பிறகு பார்த்தேன். லோவெல் சத்தமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. "என்ன புரொபசர், கேஸ்தானே?"

நான் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டேன். அந்த இடத்திலேயே அவரை மன்னித்துவிட்டேன். முகத்தைச் சித்தியின் ட்ரெய்லரில் போய்க் கழுவினேன். அரை மணி நேரம் மன்னித்துக்கொண்டே கழுவினேன்.

ஆர்லிஸின் ட்ரெய்லருக்குத் திரும்பியதும் சித்தி என்னை மோந்து பார்த்துவிட்டு ஒரு அடி தள்ளி நின்றாள். "வெளிய ஜன்னல் பக்கம் நின்னு பாரு. வாயைத் திறக்காதே."

அவள் சிலிண்டரை மூடச் சொல்லி, ஆர்லிஸுடன் உட்கார்ந்து ஒரு காபி குடித்தாள். பிறகு இருவரும் வெளியே வந்தார்கள். எதிரே நாற்காலி காலி. லோவெல் ஓவனைப் பார்க்க உள்ளே போயிருந்தார். சித்தி ஆர்லிஸின் பேத்தி பியானோ வாசிப்பதைப் பற்றிக் கேட்டாள். ஆர்லிஸ் பேத்தியின் பெருமையைச் சொல்லிக்கொண்டே, பேச்சுவாக்கில், வால்வைத் திறந்தார். ஹீட்டர் பற்றிக்கொண்டது. நீலச் சுடர், நல்ல உறுமல்.

ஆர்லிஸ் சித்தியைக் கட்டிப்பிடித்தார். "சரி பண்ணிட்டியே. என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணல. மறுபடி மூடுங்க. இன்னொரு காபி குடிப்போம்."

இரண்டாவது காபி முடிந்து வெளியே வந்தபோது லோவெல் நாற்காலியில் தயாராக இருந்தார். ஆர்லிஸ் சிலிண்டர் முன்னால் குனிந்தார். லோவெல் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினார். கையை உயர்த்தி, ராஜா பால்கனியிலிருந்து அசைப்பது போல அசைத்தார்.

"ஹலோ ஆர்லிஸ்."

"ஹலோ, லோவெல்" என்றார் ஆர்லிஸ், தேன் ஒழுக. குதிகால் மணலில் இறங்கியது. மணிக்கட்டு பள்ளிக்கூட பஸ்ஸைத் திருப்புவது போல வால்வை ஒரே வீச்சில் திருப்பியது.

டக்.

சின்னச் சத்தம். விரலைச் சொடுக்கினால் வருவது போல. லோவெல் தலையைக் கொஞ்சம் சாய்த்து, பிறகு கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே ஹீட்டரின் காற்றாடி சுற்றியது, பொறி தட்டியது. பற்றவில்லை.

"பார்த்தியா? பார்த்தியா பெர்னடீன்? அவர்தான்" என்று ஆர்லிஸ் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். நான் மாட்டி வைத்திருந்த கைப்பிடி மணலில் விழுந்தது.

சித்தி என் பக்கம் வந்தாள். நான் மெதுவாகக் கேட்டேன்: "அவங்களேவா?"

"அவங்களேதான். சிலிண்டரை மூடினதும் குளிர்பெட்டி குழாய்ல மிச்சம் இருக்கிற கேஸை எல்லாம் உறிஞ்சிடுது. குழாய் காலி. அப்போ வால்வை வெடுக்குனு திறந்தா கேஸ் பாயும். எங்கயோ குழாய் அறுந்துடுச்சுன்னு நினைச்சு உள்ள இருக்கிற தடுப்பு டக்னு அடைச்சுக்கும். சொட்டு சொட்டாத்தான் விடும். மெதுவாத் திறந்தா ஒண்ணும் ஆகாது. மெக்கானிக் மெதுவாத் திறப்பான். பேத்தி ஞாபகத்துல ஆர்லிஸும் மெதுவாத் திறப்பாங்க."

"லோவெலைப் பார்த்தா மட்டும்தான் வெடுக்கு."

"கேஸ் சரியா இருக்கு. சிலிண்டர், குழாய், ஹீட்டர் எல்லாம் சரியா இருக்கு. கோபம்தான் கசியுது."

உண்மை கிடைத்துவிட்டது. அந்த உண்மையைச் சொன்னால் லோவெல் எதையும் தொடவில்லை என்றாகிவிடும். ஆர்லிஸ் கொடுத்தது பொய்ப் புகார். இருட்டுவதற்குள் அந்தப் பழைய கார் நெடுஞ்சாலையில் நிற்கும். லோவெல் வாசலில் நின்று கையசைப்பார்.

"சொல்லாம விட்டா?"

"சொல்லலேன்னாலும் நிரூபிக்கலன்னு ஆர்லிஸ்தான் வெளிய. லோவெல்தான்னு பொய் சொன்னா அவர் வெளிய போகணும். அதுவும் செய்யாத தப்புக்கு." சித்தி எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "விருந்துக்குப் போற வழியில ஒரு ஸ்பூன் எடுத்துக்கோ."

பொதுக்கூடத்தில் நீளமேசை முழுக்கத் தட்டுகள். நடுவில் லோவெலின் தட்டு, உருண்டைகள் ராணுவ அணிவகுப்பு போல. பக்கத்திலேயே லோவெல் நின்று எல்லோருக்கும் பரிமாறிக்கொண்டிருந்தார். ஆர்லிஸ் எதிர் மூலையில், வெற்றி விழாவுக்கு வந்தவர் போல உதட்டுச்சாயம் பூசியிருந்தார். அதைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ரூபன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "பெர்னடீன், சொல்லுங்க. லோவெல் கேஸைத் தொட்டாரா?"

"இல்ல" என்றாள் சித்தி. "இன்னிக்கும் தொடல. என்னிக்கும் தொடல."

உதட்டுச்சாயத்துக்குப் பின்னால் ஆர்லிஸின் முகம் வெளுத்தது. "பெர்னடீன்?"

"ஆர்லிஸ் வால்வை ரொம்ப வேகமாத் திறக்கறாங்க. அதனால அதுவா அடைச்சுக்குது. வேற ஒண்ணும் இல்ல."

கூட்டத்தில் யாரோ 'அடடா' என்றார்கள். லோவெல் அடக்கமாகத் தலை குனிந்தார். அந்த அடக்கத்தைப் பார்த்து எனக்கு மறுபடி அந்தக் குழாயின் வாசனை வந்தது.

ரூபன் பெருமூச்சு விட்டார். "ஆர்லிஸ், எனக்குப் பிடிக்கல. ஆனா பலகைல எழுதியிருக்கு."

"ஒரு நிமிஷம் ரூபன். எனக்குப் பசிக்குது" என்றாள் சித்தி.

என்னிடம் கையை நீட்டினாள். ஸ்பூனைக் கொடுத்தேன். நேராக லோவெலின் தட்டுக்குப் போய் ஒரு உருண்டையை இறைச்சியோடு அள்ளி வாயில் போட்டாள். மென்றாள். இன்னும் மென்றாள். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வித்தியாசமா இருக்கு" என்றாள்.

எங்கேயோ ஒரு முள்கரண்டி கீழே விழுந்தது. லோவெலின் காது சிவந்தது. கழுத்து சிவந்தது.

சித்தி நிறுத்தவில்லை. "லோவெல் மேல தப்பே இல்ல ரூபன். பாவம், வெறுமனே உட்கார்ந்திருந்த மனுஷன். அவருக்கு வால்வைப் பத்தி என்ன தெரியும்? பைப் போட்டேன்னு சொல்றாரு. குழி வெட்ட வச்சிருப்பாங்க. டக்னு ஒரு சத்தம் கேட்டாக்கூட என்னன்னு தெரியாது."

"எனக்கா தெரியாது?" என்றார் லோவெல்.

"விடுங்க லோவெல். தெரியாதது தப்பில்ல."

"முதல் நாளே தெரியும்மா எனக்கு." மேசையைத் தட்டினார். "முதல் தடவை சும்மாதான் கையசைச்சேன். அவங்க வெடுக்குனு திறந்தாங்க. டக்குனு கேட்டுச்சு. வேற யாருக்காவது கேட்டுச்சா? எனக்குக் கேட்டுச்சு. ஹீட்டர் போச்சுன்னு எனக்குத் தெரியும். மறுநாள் வேணும்னே அசைச்சேன். மறுபடி டக். அப்புறம் ஒரு நாள்கூட விடல. காய்ச்சலோட வந்து உட்கார்ந்து அசைச்சிருக்கேன். பல் பிடுங்கின அன்னிக்கு ஒரு நாள்தான் லீவு. இந்த முகாம்ல நாற்காலியை விட்டு எழுந்திருக்காம அடுத்தவங்க ஹீட்டரை அணைக்கத் தெரிஞ்ச ஆள் யாராவது இருக்காங்களா? நான் ஒருத்தன். குழி வெட்டறவனாம்."

கடைசி வார்த்தையைச் சொல்லி முடித்த பிறகுதான் கூடம் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது.

சித்தி ஸ்பூனைத் துடைத்தாள். "ரூபன், ஆர்லிஸ் கொடுத்த புகார் என்ன?"

ரூபன் யோசித்தார். "லோவெல் தினமும் சாயங்காலம் என் ஹீட்டரை அணைக்கிறார்."

"இப்போ அவர் என்ன சொன்னார்?"

ரூபன் ஆர்லிஸைப் பார்த்தார். லோவெலைப் பார்த்தார். பிறகு தன் தட்டைப் பார்த்தார், ஆறிக்கொண்டிருந்தது. "புகார் உண்மை. அதனால ஆர்லிஸ் போக வேண்டாம். லோவெல் எதையும் தொடல. கையசைக்கறது மூணாவது விதி, அசைக்கலேன்னாதான் நான் கேட்கணும். அதனால அவரும் போக வேண்டாம். ரெண்டு பேரும் பனி உருகற வரைக்கும் அதே இடத்துல, எதிரெதிரே இருங்க. இதைவிடப் பெரிய தண்டனை எனக்குத் தெரியாது."

ட்ரெய்லருக்குத் திரும்பும்போது கேட்டேன்: "அவருக்குத் தெரியும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"கையசைச்சுட்டு அவர் ஆர்லிஸ் முகத்தைப் பார்க்கல. காதைச் சாய்ச்சார். சத்தம் வந்ததும்தான் கண்ணை மூடினார். பாட்டுக் கேட்கிற மாதிரி."

"இத்தனை நாள் ஒரு தட்டு உருளைக்கிழங்குக்காக" என்றேன். "இதைத்தான் கட்டுரைல எழுதினேன். மூளைல இடம் காலியா இருக்கறவங்கதான் பகையை அங்க குடி வைப்பாங்க."

"நல்லா எழுதியிருக்கே" என்றாள் சித்தி. "முகம் இன்னும் நாறுது."

மறுநாள் மாலை வெயில் தணிந்தபோது ஆர்லிஸ் விளையாடிவிட்டுத் திரும்பினார். லோவெல் நாற்காலியில் இருந்தார், பழக்கம். ஆர்லிஸ் சிலிண்டர் முன்னால் குனிந்தார். லோவெலின் கை உயர்ந்தது.

"ஹலோ ஆர்லிஸ்."

ஆர்லிஸ், கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறவர் போல, இழை இழையாக வால்வைத் திறந்தார். ஒரு சத்தமும் வரவில்லை. உள்ளே ஹீட்டர் உறுமியது. அவர் நிமிர்ந்து, பற்கள் அத்தனையும் தெரியச் சிரித்து, கையை உயர்த்தி நிதானமாக அசைத்தார்.

"ஹலோ லோவெல். இன்னிக்கு நல்ல கதகதப்பு, இல்ல?"

லோவெலின் கை காற்றிலேயே நின்றுவிட்டது. ஆர்லிஸ் கதவை மெதுவாகச் சாத்தினார். கைப்பிடி விழவில்லை. அவர் திரும்பவும் ஜன்னல் திரையை விலக்கி இன்னொரு தடவை அசைத்தார். அதற்கப்புறம் இன்னொரு தடவை.

லோவெல் எழுந்தார். நாற்காலியை எட்டி உதைத்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய ட்ரெய்லருக்குள் ஹீட்டர் விக்கி நின்றது. முந்தின நாள் முழுக்க ஓவனை எரித்திருந்ததில் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. முணுமுணுத்துக்கொண்டே காலி சிலிண்டரைக் கழற்றிவிட்டு நிறைந்ததைப் பொருத்தினார்.

நான் அந்த இடத்துக்கு நேர் எதிரே ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வெயிலுக்காகப் போட்டது. மதியத்திலிருந்தே அங்கேதான் இருந்தேன். அங்கே வெயில் இல்லை.

லோவெல் குனிந்து வால்வில் கையை வைத்தார். அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"என்ன புரொபசர், மூக்கு எப்படி இருக்கு?"

அவர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. முந்தின நாளே மன்னித்தாகிவிட்டது. ஆனால் முகாம் என்று இருந்தால் விதி என்று இருக்கும், அதை மதிக்க வேண்டும். கையை உயர்த்தினேன். விரல்களை விரித்து, ராஜா பால்கனியிலிருந்து அசைப்பது போல, நிதானமாக அசைத்தேன்.

அவர் மணிக்கட்டு இறுகியது.

டக்.